கிட் வாங்கியாயிற்று, இரண்டாவது டம்ளர் எங்கே?

கேள்வியின் சுருக்கம் இது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு குடும்பம். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஏழு. அறிவியல் கிட் இரண்டு வாங்கி எரிமலையைப் பொங்க வைத்தாயிற்று, எலுமிச்சம்பழத்தில் விளக்கு எரிய வைத்தாயிற்று. ஒரே வாரத்தில் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. இனி என்ன செய்வது, எதை வாங்குவது, பின்னால் பரீட்சைக்கு இது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எரிமலை நல்ல வேடிக்கைதான், ஆனால் அது சோதனை ஆகாது. என்ன நடக்கும் என்று பெட்டியின் மேலேயே படம் போட்டிருக்கிறதே, பிள்ளை கண்டுபிடிக்க என்ன மிச்சம்? பக்கத்தில் இன்னொரு டம்ளர் வைத்து, அதில் ஒரே ஒரு சங்கதியை மட்டும் மாற்றினால்தான் சோதனை தொடங்குகிறது. உங்கள் எரிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான ஐந்து தண்ணீர் பாட்டில்களில் தலா 50 மில்லி வினிகர் ஊற்றுங்கள். ஐந்து பலூன்களில் 1, 2, 3, 4, 5 கிராம் சமையல் சோடாவைப் போட்டு, வாயைப் பாட்டிலில் மாட்டிக் கவிழ்த்துவிடுங்கள். மூன்றாவது பலூன் வரை ஒன்றைவிட ஒன்று பெரிதாக இருக்கும். அதற்கு மேல் சோடா கூடினாலும் பலூன் கூடாது. கடை வினிகரில் இருக்கும் அமிலம் ஏறத்தாழ மூன்று கிராம் சோடாவோடு தீர்ந்துபோகிறது, மீதிச் சோடா வேலையில்லாமல் கிடக்கிறது. ஐந்து பலூன்களையும் வரிசையாகப் பார்க்கும் பிள்ளைக்கு இதை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

வீட்டுத் தராசு ஒரு கிராமைச் சரியாகக் காட்டாது என்பது இங்கே வரும் முதல் சிக்கல். பத்து கிராம் நிறுத்து, தாளில் ஒரே அகலத்தில் நீளக் கோடாகப் பரப்பி, ஸ்கேலால் பத்துச் சம பங்காக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பங்கும் ஏறத்தாழ ஒரு கிராம்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு. மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு, 5 மில்லியில் இரண்டு, 20 மில்லியில் ஒன்று. 110 டிகிரி வரை காட்டும் சிவப்புத் திரவ வெப்பமானி. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, பாதரசம் உள்ளது வேண்டவே வேண்டாம். ஒரு போவிடோன் அயோடின் புட்டி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், கிராஃப் நோட்டு, ஒரே அளவுள்ள கண்ணாடி டம்ளர் ஆறு. எவர்சில்வர் டம்ளருக்குள் நடப்பது வெளியே தெரியாது. பொத்தான் அளவுள்ள வலுவான காந்தங்களை ஏழு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

முதல் சோதனை ராகி. உங்கள் பக்கத்தில் களியாகவும் கூழாகவும் தினமும் அடுப்படியில் இருப்பது, ஆனாலும் அதற்குள் இருக்கும் வேதியியலை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கால் கிலோ ராகியைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். 36 முதல் 48 மணி நேரத்தில் முளை நன்றாகத் தெரியும். அதை வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, கையால் தேய்த்து முளையை உதிர்த்து, மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். முளைகட்டாத ராகி மாவும் கொஞ்சம் வேண்டும்.

அரிசி மாவு 45 கிராமை 450 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு ஐந்து நிமிடம் வேகவையுங்கள். கரண்டியிலிருந்து வழியாமல் பொத்தென்று விழும் பதத்துக்கு வரும். மூன்று டம்ளர்களில் தலா 120 மில்லி ஊற்றி, 60 டிகிரிக்கு ஆறும் வரை காத்திருங்கள். அதே சூடுள்ள தண்ணீர்ப் பாத்திரத்தில் டம்ளர்களை இறக்கி வைத்தால் சூடு சீக்கிரம் இறங்காது.

முதல் டம்ளருக்கு முளைராகி மாவு ஒரு டீஸ்பூன், 20 மில்லி தண்ணீரில் கரைத்தது. இரண்டாவதற்குச் சாதா ராகி மாவு, அதே அளவு, அதே தண்ணீர். மூன்றாவதற்கும் முளைராகி மாவுதான், ஆனால் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்தது. கொதியில் வற்றும் என்பதால் இதற்கு 30 மில்லியில் தொடங்குங்கள். மூன்றையும் ஒரே மாதிரிக் கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள்.

முதல் டம்ளர் கஞ்சி மோர் மாதிரி நீர்த்துப் போயிருக்கும். மற்ற இரண்டும் வைத்த பதத்திலேயே இருக்கும். இதை எண்ணாக மாற்றினால்தான் நோட்டில் எழுத முடியும். ஒரு தாளில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வட்டங்கள் வரைந்து, மேலே கண்ணாடித் தட்டு வையுங்கள். நடுவில் இரண்டு அங்குல பிவிசி பைப் துண்டு ஒன்றை நிறுத்தி, அதில் கஞ்சியை நிரப்பி, சட்டென்று மேலே தூக்குங்கள். முப்பது விநாடியில் எத்தனையாவது வட்டம் வரை பரவியது என்று சின்னவன் எண்ணட்டும்.

நடப்பது இதுதான். வெந்த மாவுச்சத்து நீளநீளமான சங்கிலிகளாகப் பின்னி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முளைவிடும் தானியம் தன் குருத்துக்குச் சாப்பாடு போட, அந்தச் சங்கிலியை வெட்டிச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் என்ற நொதியைத் தயாரிக்கிறது. முளைக்காத ராகியில் அது மிகக் குறைவு. கொதிக்கவைத்ததில் இருந்தது, வெந்து செயலிழந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து முதல் டம்ளரை நாக்கில் வைத்துப் பார்த்தால் லேசான இனிப்பே தெரியும். குழந்தைக்கு முளைராகி சேர்த்துக் கஞ்சி காய்ச்சினால் மாவு அதிகம் போட்டும் கெட்டியாகாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பலருக்கும் இது வராமல் போவது ஒரு காரணத்தால்தான். வாசனைக்காக முளைராகியை வறுத்து அரைப்பது நம் பழக்கம். கடையில் கிடைக்கும் முளைகட்டிய மாவும் பெரும்பாலும் வறுத்ததுதான். நன்றாக வறுபட்டால் நொதி போய்விடும். அடுத்தபடியாக அவசரம். கொதிக்கக் கொதிக்க மாவைப் போட்டால் முதல் டம்ளரும் மூன்றாவது டம்ளராகிவிடும். 35 டிகிரி வரை ஆறவிட்டுவிட்டால் வேலை நடக்கும், ஆனால் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடும். மழைக்காலத்தில் முளைக்குப் பூசணம் பிடித்து வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இதையே பெரியவள் அடுத்த வாரம் அயோடின் வைத்து நுட்பமாகச் செய்யலாம். சோறு வடித்த கஞ்சித் தண்ணீரில் ஒரு பங்கோடு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து 50 மில்லி எடுத்துக்கொள்ள வேண்டும். முளைராகி மாவு ஒரு டீஸ்பூனை 50 மில்லி வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரில் 5 மில்லியைச் சிரிஞ்சால் உறிஞ்சி அதில் சேர்க்க வேண்டும். அயோடினைத் தண்ணீர் விட்டு வெளிறிய டீ நிறத்துக்குக் கொண்டுவரணும். காலி மாத்திரை அட்டையின் குழிகளை வெள்ளைத் தாள்மேல் வைத்தால் அருமையான சோதனைத் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு அயோடின். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கலவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அடுத்த குழியில் விடச் சொல்லுங்கள். கருநீலம், ஊதா, செம்பழுப்பு என்று இறங்கி, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் நிறமே நிற்கும். எத்தனையாவது நிமிடம் என்பதுதான் விடை. கலவையைச் சூடாக வைத்துச் சோதிக்காதீர்கள். மாவுச்சத்து இருந்தாலும் சூட்டில் நீலம் மறைந்து, ஆறினால் திரும்பி வரும், பிள்ளை ஏமாந்துவிடுவாள். இது அயோடின் கலந்தது, வாயில் வைக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று உங்கள் ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு நுரைக்காது என்பதுதான் கேள்வி. குளியல் சோப்பின் உறையில் கிரேடு 1, டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புப் பொருள்) 76 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். துணி துவைக்கும் டிடர்ஜென்ட் கட்டியும் ஷாம்பூவும் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்படி செய்தவை, அவற்றை வைத்தால் வித்தியாசமே தெரியாது. ஒரு கிராம் சோப்பைச் சீவி, 100 மில்லி சூடான மழைநீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ கரையுங்கள். ஒரே மாதிரி மூடி போட்ட சின்னப் பாட்டில்களில் 20 மில்லி வீதம் போர் தண்ணீர், ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், மழைநீர், பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த போர் தண்ணீர். ஒவ்வொன்றிலும் அரை மில்லி சோப்புக் கரைசல் விட்டு, பத்துக் குலுக்கு. மேலே முழுதும் மூடிய நுரை ஒரு நிமிடம் நிற்கும் வரை அரை அரை மில்லியாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

மழைநீருக்கு ஒரு மில்லிக்குள் முடிந்துவிடும். கடினமான போர் தண்ணீர் ஆறு ஏழு மில்லி குடித்தாலும் ஆச்சரியமில்லை. அதுவரை நுரைக்குப் பதிலாக வெள்ளைத் திரிதிரியாக ஒன்று மிதக்கும். கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு கரையாத அழுக்காக மாறுவதுதான் அது. கொதிக்கவைத்த தண்ணீருக்குச் சோப்பு குறைவாகப் பிடித்தால், அப்படிக் குறைந்த பங்குதான் பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மை. அது வெள்ளைப் படிவாகப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும், சுரண்டி வினிகரில் போட்டுப் பாருங்கள், குமிழி வரும். குறையாமல் நிற்கும் மிச்சம் சல்பேட், குளோரைடு வகை. பாட்டிலைச் சரியாக அலசாமல் அடுத்த தண்ணீரை ஊற்றுவதுதான் இதில் வழக்கமான தப்பு. பழைய சோப்பு ஒட்டியிருந்தால் எந்தத் தண்ணீரும் மென்மையானதாகவே தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரின் பெரிய கவலை ஃபுளோரைடு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்ததே அதற்காகத்தான். மேலே சொன்ன சோப்புச் சோதனை ஃபுளோரைடைக் காட்டாது. நாக்குக்கும் தெரியாது, டிடிஎஸ் மீட்டருக்கும் தெரியாது. இன்னும் வில்லங்கம் என்னவென்றால், கால்சியம் நிறைய இருக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும் என்பதால், கால்சியம் குறைந்து நன்றாக நுரைக்கிற தண்ணீரில்தான் அது அதிகம் தங்க வாய்ப்பு. நல்லா நுரைக்குது, நல்ல தண்ணி என்று பிள்ளை எழுதினால் அந்த இடத்திலேயே திருத்துங்கள். கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு கொஞ்சம் கூடவே செய்யும். இந்தியத் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. குடிக்கிற போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்து, அந்தத் தாளை அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். வீட்டுச் சோதனையால் எது முடியும், எது முடியாது என்று காட்ட இதைவிட நல்ல பக்கம் அமையாது.

கல்லுக்கு வருவோம். கிரானைட் பாலிஷ் பட்டறைகளின் வாசலில் உடைந்த துண்டுகள் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். குவாரிக்குள் போகாதீர்கள், தண்ணீர் தேங்கிய குவாரிக் குழிகள் பார்ப்பதற்குத்தான் அமைதி. பட்டறையில் வெளிறிய நிறத்தில் ஒன்று, கன்னங்கரேலென்று ஒன்று, இரண்டும் 250 கிராமுக்குக் குறையாமல் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் இரண்டையும் கிரானைட் என்றுதான் சொல்வார். இரண்டும் ஒரே வகைக் கல்லா?

கல்லை முதலில் காய்ந்தபடி நிறுத்து எழுதுங்கள். பிறகு அரைப் பாத்திரம் தண்ணீரைத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுதும் தண்ணீருக்குள் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ தொடாமல், கையில் தொங்கப் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, மில்லியில். கல் தண்ணீரை எவ்வளவு ஒதுக்குகிறதோ அந்த எடைக்குத் தண்ணீர் கல்லை மேலே தள்ளுகிறது, கல் அதே அளவு தண்ணீரைக் கீழே அழுத்துகிறது, அந்த அழுத்தத்தைத் தராசு படிக்கிறது. உதாரணத்துக்கு 318 கிராம் கல், தராசு 120 காட்டினால், 318-ஐ 120-ஆல் வகுக்க 2.65 வரும். கிரானைட் 2.6-க்கும் 2.7-க்கும் நடுவில் நிற்கும். கறுப்புக் கல் 2.9-ஐத் தாண்டி 3 பக்கம் போனால் அது கிரானைட்டே இல்லை. இந்தப் பகுதியில் கறுப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டோலரைட். பழைய பாறையின் வெடிப்புகளுக்குள் எரிகுழம்பு ஏறி, சுவர்போல உறைந்து நின்றது. இரும்பு, மக்னீசியம் கூடுதல் என்பதால் கறுப்பும் கனமும். வெளிறிய துண்டை லென்ஸில் பார்த்தால் கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ், வெள்ளையோ இளஞ்சிவப்போ ஃபெல்ட்ஸ்பார், மினுக்கும் மைக்கா என்று மணிமணியாகப் பிரிந்து தெரியும். கறுப்பில் அந்த மணிகள் அவ்வளவு பொடியானவை.

கல் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் தராசு கன அளவுக்குப் பதில் கல்லின் எடையையே காட்டத் தொடங்கிவிடும். விடை 1.4, 1.1 என்று வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. சொரசொரப்பான பக்கத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்கு கெடும், மூழ்கடித்ததும் ஒரு தட்டுத் தட்டுங்கள். துண்டு ஏன் பெரிதாக வேண்டும் என்பதைப் பெரியவளே கணக்குப் போடட்டும். 50 கிராம் கல்லுக்குத் தராசு 18 காட்டுகிறது, ஒரு கிராம் முன்பின் என்றால் 17-ஆகவும் இருக்கலாம், 19-ஆகவும் இருக்கலாம். விடை 2.94-ஆ 2.63-ஆ? கிரானைட்டா டோலரைட்டா என்றே சொல்ல முடியாது. அளவீட்டுப் பிழை என்ற பாடத்தை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நிழல் சோதனைக்குப் பஞ்சாங்கம் மாதிரி நாள் பார்க்க வேண்டும். உங்கள் மாவட்டங்கள் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். தருமபுரியில் ஏப்ரல் 22, கிருஷ்ணகிரியில் 23, ஓசூரில் 24 வாக்கில். திரும்பவும் ஆகஸ்ட் 19-இல் ஓசூர், 20-இல் கிருஷ்ணகிரி, 21-இல் தருமபுரி, ஏறத்தாழ. அன்றைக்கு நடுப்பகலில் செங்குத்தாக நிறுத்திய பாட்டிலுக்கு நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். நடுப்பகல் என்றால் பன்னிரண்டு மணி அல்ல. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நீங்கள் இருப்பது 78.2 பக்கம். டிகிரிக்கு நான்கு நிமிடம், ஆக 17 நிமிடம் பிந்தி. ஏப்ரலில் 12.16, ஆகஸ்டில் 12.21 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறவிட்டாலும் மோசமில்லை, ஒரு மீட்டர் கோலுக்கு ஆறு மில்லிமீட்டர்தான் நிழல் விழும். ஆகஸ்டில் மேகம் கைவிடும் என்பதால் ஏப்ரலை நம்புவது மேல். சூரியனை நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம், எல்லா வேலையும் தரையில்தான்.

இதைவிட ருசியான கணக்கு மார்ச் 20, 21-இலும் செப்டம்பர் 22, 23-இலும் கிடைக்கும். பகலும் இரவும் சமமான அந்த நாட்களில் நடுப்பகல் நிழலின் கோணமே உங்கள் ஊரின் அட்சரேகை. தரையிலிருந்து மிகச் சரியாக 100 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோலை மாடியில் நிறுத்தி, தூக்குக்குண்டு கட்டிச் செங்குத்தைப் பாருங்கள், தரை மட்டத்தை ரசமட்டத்தால் பாருங்கள். மாடித் தளம் மழைநீருக்காகச் சாய்வாகப் போட்டிருப்பார்கள், அதை மறந்துவிட வேண்டாம். ஒரு பலகையை மட்டமாக வைத்து அதன்மேல் அளப்பது நல்லது. மார்ச்சில் 12 மணி முதல் 12.50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி, மிகக் குட்டையான நிழலே விடை. தருமபுரியில் 21.4 சென்டிமீட்டர் பக்கம் வரும், கிருஷ்ணகிரியில் 22.2. மார்ச்சில் நடுப்பகல் 12.25-க்கு, செப்டம்பரில் 12.10-க்கு வரும். ஒரே ஊரில் பதினைந்து நிமிடம் ஏன் மாறியது என்று பெரியவள் கேட்டால், கேட்டபடியே கொஞ்ச நாள் இருக்கட்டும்.

இதோடு பூமியை அளக்க இன்னொரு குடும்பம் வேண்டும். கன்னியாகுமரிப் பக்கம் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கும் யாரையாவது பிடித்து, அதே நாளில் அதே ஒரு மீட்டர் கோலின் மிகக் குட்டையான நிழலை அளக்கச் சொல்லுங்கள். அங்கே 14.2 சென்டிமீட்டர் வரும். நிழல் நீளத்தைக் கோலின் உயரத்தால் வகுத்து, கால்குலேட்டரில் tan⁻¹ எடுத்தால் கோணம் வரும். தருமபுரிக்கு 12.1, அங்கே 8.1, வித்தியாசம் ஏறத்தாழ நான்கு டிகிரி. வடக்கு தெற்காக நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். 360-ஐ அந்த வித்தியாசத்தால் வகுத்து 450-ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் ஈராயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பு போட்ட கணக்கின் அடிப்படை இதுவே. பேருந்து போகும் தூரத்தைப் போட்டால் பூமி பெருத்துவிடும், வரைபடத்தில் வடக்கு தெற்குத் தூரம் மட்டும் பாருங்கள். ஒரு நிழலில் ஒரு சென்டிமீட்டர் பிழை வந்தாலே விடை 35,000-க்கும் 46,000-க்கும் நடுவில் ஊசலாடும்.

அக்கா வீடு ஓசூரில்தானே இருக்கிறது, அங்கேயே அளந்துவிடலாமே என்று தோன்றும். தருமபுரிக்கும் ஓசூருக்கும் வித்தியாசம் 0.6 டிகிரிதான். சூரியனே அரை டிகிரி அகலமுள்ள வட்டு, அதனால் ஒரு மீட்டர் கோலின் நிழல் முனை ஒன்பது மில்லிமீட்டர் மங்கலாகத்தான் விழும். அளக்க வேண்டியதும் மங்கலும் ஒரே அளவு என்றால் எதை அளப்பது? மங்கலின் நடுவை எடுப்பது ஒரு வழி. கோலின் உச்சியில் சின்ன ஓட்டை போட்ட அட்டையை ஒட்டி, தரையில் விழும் ஒளிவட்டத்தின் மையத்தைக் குறிப்பது அதைவிட நல்ல வழி.

ஓசூர் அக்கா வீட்டை வேறு சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உயரம் முந்நூறு மீட்டர் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். தருமபுரியில் 98.5 பக்கம், ஓசூரில் 97 பக்கம். இரண்டு ஊருக்கும் ஒரே வெப்பமானியைக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் அதிலேயே ஒரு டிகிரி பிழை இருக்கக்கூடும். குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. ஆர்ஓ தண்ணீரே போதும்.

மாம்பழக் காலத்தில் ஒரே மரத்தில் ஒரே நாளில் பறித்த, தோள் திரண்ட பெங்களூராக் காய் பன்னிரண்டு வாங்கி, மூன்று மூன்றாக வைக்கோலில், பழுத்த வாழைப்பழத்தோடு மூடிய அட்டைப் பெட்டியில், வெறும் தட்டில், ஃபிரிட்ஜில் வையுங்கள். தினமும் எடை, நிறம், விரலால் அமுக்கினால் எவ்வளவு கொடுக்கிறது என்று எழுத வேண்டும். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு பெட்டிக்குள் தங்கிக் காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கும். ஃபிரிட்ஜில் இருந்தவை பழுக்காமல் தோல் கறுத்து நிற்கும். பிஞ்சாகப் பறித்தவை எதிலும் சரியாகப் பழுக்காது, சோதனையையே கெடுத்துவிடும். கார்பைடு கல் பக்கம் போக வேண்டாம், பழுக்க வைக்க அது சட்டப்படி தடை செய்யப்பட்டது.

மழை ஓடி வடிந்த தெருவோர மணலில் ஸ்பீக்கர் காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு உழுவது சின்னவன் வேலை. பையைத் திருப்பிப் பிடித்தால் கறுப்புப் பொடி தனியே உதிரும், அது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். ஒரு கிலோ காய்ந்த மணலுக்கு எத்தனை கிராம் என்று ஓடைக்கு ஓடை எழுதி வைக்கலாம். பையில்லாமல் காந்தத்தை நேரே மணலில் போட்டால் பொடியைப் பிரிக்க ஒரு மாலை போகும். உங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கிமு 2172 என்று 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்ததை இந்தப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

வயது வித்தியாசம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சின்னவன் எண்ணட்டும், குலுக்கட்டும், படம் வரையட்டும், நேரம் பார்த்துக் கத்தட்டும். வகுத்தல், கோணம், பிழைக் கணக்கு பெரியவளுக்கு. அடுப்பு, சூடான கஞ்சி, கொதிநீர் உங்கள் கையில். கழிவறை கழுவும் ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டையும் சோதனை மேசைக்குக் கொண்டுவராதீர்கள், இணையத்தில் எவ்வளவு அழகாகக் காட்டினாலும் சரி.

நோட்டில் சோதனைக்கு முன்பே ஒரு வரி எழுத வேண்டும்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், ஏன். பேனாவால் எழுதட்டும், பின்னால் அழிக்க முடியாதபடி. பிறகு மாற்றியது எது, மாற்றாமல் வைத்தது எவை, அளந்த எண்கள், மூன்று முறை. ஒரே முறை அளந்த எண்ணை நம்பாத பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பரீட்சையைப் பொறுத்தவரை, என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதப் பதினான்கு வயது ஆக வேண்டும், அதன் அறிவியல் பாடத்தில் செய்முறையும் உண்டு. பெரியவளுக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. அப்போது அவள் பார்க்கப்போகும் கருவிகள் வேறாக இருக்கலாம். அட்டவணை போடுவது, அலகு எழுதுவது, எண் ஏன் தப்பியது என்று சொல்வது எல்லாம் இதே நோட்டில் பழகியதாகத்தான் இருக்கும்.

வாரத்துக்கு ஒரு சோதனைக்கு மேல் வேண்டாம். வியாழன் இரவு ராகியை ஊறப்போட்டால் வெள்ளி காலை துணியில் கட்டலாம். ஞாயிறு காலை முளை நீண்டிருக்கும், அன்றைய வெயிலில் காய்ந்தால் திங்கள் அரைத்துவிடலாம். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் வறுக்காதது, தொடாதே என்று எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை பாட்டி அதை வாணலியில் போட்டிருப்பார்.